பூரட்டாதிப் பிரதமர்

"பேர்?" என்று ஐயர் கேட்டார்.

"லியோபோல்ட் மொன்றோஸ்" என்றார் தியாகராசா.

"நட்சத்திரம்?"

"பூரட்டாதி."

ஐயருக்கு இரண்டுமே மனப்பாடம். மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் இந்தப் பெயருக்குப் பூப் போடுகிறார். ஆனாலும் கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடி, சமஸ்கிருதத்துக்கு நடுவே மொன்றோஸைச் சிராய்ப்பில்லாமல் இறக்கி வைப்பார். இவருக்கு முன்னிருந்த ஐயர் அவ்வளவு தேர்ந்தவரல்ல. லியோபோல்ட் அவருடைய வாயில் நுழையவில்லை. லிங்கபாலன் என்று மாற்றிக்கொண்டு, ஒரு பொதுத் தேர்தலை முழுவதுமாக அந்தப் பெயரிலேயே நடத்தி முடித்தார். அந்த முறை மொன்றோஸ் தோற்றுப்போனார். தியாகராசா ஐயரைக் குறை சொல்லவில்லை. அந்த ஐயர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்பியும் வைத்தார்.

வரிசையில் நிற்கும் புதிய ஆட்கள் மொன்றோஸைத் தியாகராசாவின் மருமகன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு மனிசி அவருடைய மனைவி ஞானாம்பிகையிடமே கேட்டுவிட்டா. "மருமகன் எந்த இடத்துப் பிள்ளை, அக்கா?" ஞானாம்பிகை மறைக்கவில்லை. "அது மருமகன் இல்லை. ஒரு நாட்டின்ர பிரதமர்." தன்னை நக்கலடிக்கிறாள் என்று நினைத்த அந்த மனிசி, அதற்குப் பிறகு ஞானாம்பிகையோடு கதைப்பதில்லை.

நாடு இருப்பது உண்மை. சென் அல்பன். கரிபியன் கடலில் கிடக்கிறது. தியாகராசாவின் ரொக்ஸ்பரோ வீட்டுக் குசினியில் தொங்கும் வரைபடத்தில், அதன் பெயர் அந்தத் தீவைவிட நீளம். சனத்தொகையை யாழ்ப்பாண நகரத்துக்குள் அடக்கிவிடலாம், வாகனம் நிறுத்த இடமும் மிஞ்சும். எண்பத்தேழில், காசுக்குக் கனடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் தியாகராசாவை அங்கே கூட்டிப்போய், "இதுதான் கனடா, இறங்கு" என்று சொல்லிவிட்டு அதே விமானத்தில் போய்விட்டான். கனடாவில் இவ்வளவு வெயில் இருக்குமென்று தியாகராசா எதிர்பார்க்கவில்லை. கம்பளிச் சட்டையோடு அரை நாள் தென்னைமரங்களுக்கிடையில் கனடாவைத் தேடினார். பொலிஸ் பிடித்தது. ஆட்டுக் களவு வழக்கொன்றுக்காக அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்த இளம் சட்டத்தரணி, மூலையில் கம்பளியோடு வியர்த்துக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்து இது யாரென்று கேட்டார். ஆட்டுக்காரனுக்குப் பிணை கிடைக்கவில்லை. தியாகராசாவுக்குக் கிடைத்தது. சட்டத்தரணியின் பெயர் மொன்றோஸ்.

பேப்பர்கள் சரியாகும்வரை மொன்றோஸின் தாய் வீட்டில் தியாகராசா தங்கினார். அப்போது பார்த்து ஓர் இடைத்தேர்தல் வந்தது. மொன்றோஸின் கட்சிச் சின்னம் ஈரப்பலா என்கிற கறிப்பலாக்காய். ஒரு நல்ல ஈரப்பலாவைக் கம்பில் குத்தி, வேட்பாளருக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போவது தியாகராசாவின் வேலை. வாக்களிப்புக்கு முதல் நாள் இரவு அந்த ஈரப்பலா காணாமற்போனது. மறுநாள் காலையில் மொன்றோஸ் வெறுங்கம்பைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், "என் சின்னத்தைத் திருடியவர்கள் நாளை உங்கள் தோட்டத்துக்கும் வருவார்கள்" என்று பேசினார். சனம் உருகிவிட்டது. சொற்ப வாக்குகளில் வென்றார். அதிலிருந்து தொடங்கியதுதான் எல்லாம். மீன்பிடி அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், பிரதமர், தோற்ற பிரதமர், மறுபடி பிரதமர். இடையில், இறங்குதுறைக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிய பயணிகள் கப்பலொன்றை நோர்வேயிலிருந்து வாங்கினார். அது ஒரு வருடத்துக்கும் மேலாகக் கடலுக்கு நடுவே நின்றது. சனம் தோணியில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தது. பிறகு அவர் இறங்குதுறையை நீட்டி, அதை அபிவிருத்தி என்று சொல்லி, அடுத்த தேர்தலையும் வென்றார்.

எதிர்க்கட்சி ஈரப்பலாவைக் களவெடுத்த கதையைத் தியாகராசா தன் மகள் அஜந்தாவுக்குச் சோறு தீத்திய காலத்திலிருந்து சொல்லிவருகிறார். அவளுக்குக் கனடாவின் மாகாணங்களை வரிசையாகச் சொல்லத் தெரிவதற்கு முன்பே சென் அல்பனின் தொகுதிகள் பாடம். இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. புவாண்ட்-கிளேரில் தகப்பன் மருந்துப் பெட்டி அடுக்கும் அதே களஞ்சியத்தின் அலுவலகப் பக்கத்தில் வேலை செய்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் அவர் காதில் வயரோடு தனியே சிரித்தால், சென் அல்பன் வானொலியில் பாராளுமன்றம் நடக்கிறது என்று சக தொழிலாளர்களுக்கு அவள்தான் விளக்குவாள்.

முதல் அர்ச்சனை ஒரு பொதுத் தேர்தலுக்கு முதல் நாள் நடந்தது. அன்றைய ஐயர் நட்சத்திரம் கேட்டபோது தியாகராசாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாயில் வந்தது தன்னுடைய நட்சத்திரம். மொன்றோஸ் வென்றார். வென்றதால் நட்சத்திரம் சரி என்று உறுதியாகிவிட்டது. இப்படித்தான் சென் அல்பனின் பிரதமர் பூரட்டாதிக்காரர் ஆனார்.

தியாகராசாவுக்கும் ஓர் அரசியல் வாழ்க்கை இருந்தது. ஊர்ச் சங்கத்தின் தலைவர் பதவிக்கு அவர் கேட்காத ஆண்டுக்கூட்டம் இல்லை. வென்றதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அருமைநாதன் வென்றார். அருமைநாதனிடம் கொள்கை எதுவும் இல்லை. கூட்டத்துக்கு மட்டன் ரோல்ஸ் கொண்டுவருவார், அவ்வளவுதான். ஒரு முறை தியாகராசா மேடையில் ஏறி, மொன்றோஸின் புகழ்பெற்ற தேர்தல் வசனத்தைத் தமிழில் சொன்னார்: "நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள். உங்களுக்காக நான் விழித்திருப்பேன்." பின்வரிசையிலிருந்து அருமைநாதன் எழும்பி, "அண்ணை, நீங்கள் இப்ப நைட் ஷிப்ட்தானே, எப்பிடியும் முழிச்சுத்தான் இருப்பியள்" என்றார். அந்த வருடம் தியாகராசாவுக்காகக் கை தூக்கியவர்களில் ஒருவர் காற்றுக்காக யன்னலைத் திறக்க எழும்பியவர் என்று பிறகு தெரியவந்தது.

இதற்கெல்லாம் ஞானாம்பிகையிடம் ஒரு விளக்கம் இருந்தது.

"நீங்கள் ரெண்டு பேரும் பூரட்டாதி. ஒரு நட்சத்திரத்துக்கு வாற பலன் அளவாத்தான் வரும். நீங்கள் வாராவாரம் போய் அந்தாளின்ர பேரைச் சொல்லி முழுக்க எடுத்துக் குடுக்கிறியள். உங்களுக்கெண்டு ஒருநாளாவது ஒரு பூப் போட்டனீங்களோ?"

தியாகராசா இதை மறுத்ததே இல்லை. உள்ளூர அவருக்கு இந்த விளக்கம் பிடித்திருந்தது. சங்கக் கூட்டம் முடிந்து, கதிரைகளை அடுக்கிவிட்டு (தோற்றாலும் கதிரை அடுக்குவது அவர்தான்) காருக்குள் வந்து ஏறும்போது, தோல்வி அவருக்குத் தோல்வியாகவே தெரிவதில்லை. தானம் கொடுத்துவிட்டு வருகிற ஆளின் களைப்புத்தான் இருக்கும். ஒரு தீவு தன்னால் ஆளப்படுகிறது. அதற்குள் அருமைநாதனின் ரோல்ஸ் எம்மாத்திரம்.

இந்த வருடம் சிக்கல். சென் அல்பனில் தேர்தல் திங்கட்கிழமை. சங்கத் தேர்தல் அதற்கு முதல் நாள், ஞாயிறு. "ஒரு நட்சத்திரத்தில ரெண்டு பேர் எலக்சன் கேக்கேலாது" என்றாள் ஞானாம்பிகை. போதாததற்குச் சனி வேறு. பரிகாரம் செய்ய வேண்டும், ஆனால் பூரட்டாதி இரண்டு ராசிகளில் கால் வைத்திருக்கிற நட்சத்திரம் என்றார் ஐயர். முதல் மூன்று பாதமென்றால் கும்பம், ஏழரைச் சனி முடிகிற காலம். நாலாம் பாதமென்றால் மீனம், சனி தலைக்கு மேலேயே நிற்கிறது. தியாகராசா கும்பம். மொன்றோஸ் என்ன பாதம்? பிறந்த நேரம் இல்லாமல் சொல்ல முடியாது. ஞானாம்பிகையின் முகம் தெளிந்தது. "அந்தாள் மீனமெண்டா ஒரு பிரச்சினையும் இல்லை. ராசி வேற வேற. பிரிச்சுச் செய்யலாம்."

அந்த வாரமே மொன்றோஸ் மொன்றியலுக்கு வருவதாக வானொலி சொன்னது. வெளிநாட்டில் இருக்கிற சென் அல்பன்காரரைச் சந்தித்து, தேர்தலுக்கு ஊருக்கு வந்து வாக்களிக்கும்படி கேட்கப்போகிறாராம். கோட்-டெ-நேஜில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபம். தியாகராசா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அஜந்தா காரை ஓட்டினாள்.

மண்டபம் முழுக்க மஞ்சள் கொடிகள். பொரித்த மீன் வாசம். மேடையோரத்தில் ஒரு மேசையில் ஈரப்பலா ஒன்று பட்டுத்துணியில் வீற்றிருந்தது. வானொலியில் கேட்ட குரலைவிட மொன்றோஸ் பெரியவர், அந்தக் குரலைவிட வயதானவர். முழங்கால் சரியில்லை. ஒரு கையால் கதிரையைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் வந்தவர்களுக்கு மறுகையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தியாகராசாவின் முறை வந்தது. மொன்றோஸ் அவருடைய கையை இறுக்கிப் பிடித்து, "என் பழைய நண்பா! அம்மா சுகமா?" என்றார். தியாகராசாவின் கண் கலங்கியது. தனக்கு முன்னால் நின்ற இருபது வயதுப் பெடியனிடமும் பிரதமர் இதையேதான் கேட்டாரென்பதை அவர் கவனித்திருந்தார். அதற்காக அவருக்கு மனவருத்தம் இல்லை. அருமைநாதனும் இப்படித்தான் கேட்பான். இதை நான் ஏன் இத்தனை வருடமாகச் செய்யவில்லை என்றுதான் யோசித்தார்.

பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வீட்டில் பாடமாக்கிக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டார். "ஐயா, நீங்கள் சரியாக எந்த இடத்தில், எந்த நேரத்தில் பிறந்தீர்கள்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மொன்றோஸ் பிறந்தது சென் அல்பனிலேயே இல்லை, பக்கத்துத் தீவில், ஆகவே அவர் பிரதமராக இருக்க முடியாது என்று எதிர்க்கட்சி வழக்குப் போட்டிருந்தது. இந்தத் தேர்தலில் பேச்சே அதுதான். அந்த மண்டபத்தில் அந்த வழக்கை ஆதியோடந்தமாகத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அது தியாகராசா. ஆனால் அவர் கேட்டது சாதகத்துக்கு. அரசியல் அந்த நேரம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. மஞ்சள் உடுப்புப் போட்ட செயலாளர்ப் பெண் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "உங்களை யார் அனுப்பியது?"

"முருகன் கோயில் ஐயர்" என்றார் தியாகராசா, உண்மையாக.

அஜந்தா முன்னால் வந்து விளக்கினாள். கோயில், பெயர், நட்சத்திரம், பூ, முப்பது வருடம், சனிக்கிழமைகள். கேட்கக் கேட்கச் செயலாளர்ப் பெண்ணின் வாய் திறந்துகொண்டு வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், மொன்றோஸ் மட்டும் சிரிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, தியாகராசாவைக் குனியச் சொல்லி, காதருகே பேசினார். இடம் சரி, அம்மாவின் வீட்டுப் பின்னறைதான். பிழை திகதியில். ஆவணியில் ஒரு பெரும்புயல் வந்ததே, அதற்கு முதல் நாள் இரவு. நிலவே இல்லை, விளக்கும் அணைந்துவிட்டது, மருத்துவச்சி தலையைத் தடவித்தான் கண்டுபிடித்தாளாம். பாதை திறந்தபிறகு, சில மாதம் கழித்துப் பட்டணத்துக்குப் போன தகப்பன், பிந்தியதற்கு ஏச்சு வாங்காமலிருக்க முந்தாநாள் பிறந்ததென்று பதிந்துவிட்டு வந்தார். "அவர்கள் ஒரு வருடமாகப் பிழையான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் மொன்றோஸ். "நீ ஒருவன்தான் இரண்டையும் கேட்டாய்."

சொல்லிவிட்டுத் தியாகராசாவின் முகத்தை முதன்முறையாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதிரை அதிரச் சிரித்தார்.

"கம்பளிச் சட்டை! நீ என் ஈரப்பலாவைக் கறி வைத்தவன்!"

அஜந்தா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா சாகும்வரை அந்தக் கறியைப் பற்றிப் பேசினாள்" என்றார் மொன்றோஸ். "எனக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை. சின்னம் எங்கே என்று கேட்டால் இரண்டு பேரும் முற்றத்தைப் பார்க்கிறீர்கள். நான் வேறென்ன செய்வது? வெறுங்கம்போடு இறங்கினேன்."

செயலாளர்ப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். "என் பழைய நண்பா!" என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மேடையோர மேசையைக் கடக்கும்போது, ஈரப்பலாவுக்குக் காவலாக நின்ற பெடியன் தியாகராசாவைப் பார்த்து ஓர் அடி முன்னால் வந்தான்.

காருக்குள் சூடு ஏறக் காத்திருந்தார்கள். அஜந்தா தொலைபேசியில் அந்தப் புயலின் திகதியைத் தேடி எடுத்தாள். பஞ்சாங்கச் செயலியில் அதற்கு முதல் நாளையும் தீவையும் போட்டாள்.

"எதிர்க்கட்சிதான் களவெடுத்தது எண்டனீங்கள்."

"பசி" என்றார் தியாகராசா.

"அப்ப அந்தாளை வெல்ல வைச்சது நீங்கள்தான். சமைச்சு."

"அதை விடு. என்ன பாதம் எண்டு பார்."

அஜந்தா பார்த்தாள். ஒரு தரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"அப்பா, பாதம் ஒண்டும் தேவையில்லை. இது பூரட்டாதியே இல்லை. பூரம். சிம்ம ராசி."

வாகனத் தரிப்பிடத்தில் யாரோ பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சிம்மத்துக்கு அட்டமத்துச் சனி. தியாகராசாவுக்கு அது உடனே விளங்கியது. மற்றது விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அஜந்தாவுக்கு எடுக்கவில்லை.

"அப்ப பூரட்டாதிக்குப் போட்ட பூவெல்லாம்? அந்தாளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. தட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட பூரட்டாதிக்காரர் ஒருத்தர்தானே. முப்பது வருசமும் உங்களுக்குத்தான் அர்ச்சனை நடந்திருக்கு." அவள் நிறுத்தினாள். பிறகு, அடக்க முடியாமல், "அவ்வளவு நடந்தும் அப்பா..." என்றாள்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"கார் இன்னும் வெளிக்கிடேல்லை."

வீட்டில் ஞானாம்பிகை கதவடியிலேயே நின்றாள். "கேட்டனீங்களோ? மீனமோ?"

"சனமாக் கிடந்தது" என்றார் தியாகராசா. "கிட்டப் போகேலாமப் போச்சு." அஜந்தா சப்பாத்தைக் கழற்றுவதில் மும்முரமானாள். "அம்மா, மீன் நல்லா இருந்தது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் தியாகராசா வானொலி கேட்கவில்லை. களஞ்சியத்தில் பெட்டிகளை அடுக்கும்போது பழைய ஆண்டுக்கூட்டங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. இதுவரை அவை எல்லாம் ஒரு பெரிய காரியத்துக்காக விட்டுக்கொடுத்தவை. இப்போது அவை வெறும் ஆண்டுக்கூட்டங்கள். எழும்பிப் பேசிய ஒரு மனிதன், தூங்கி வழிந்த சபை, ரோல்ஸ். முருகன் முழுப் பலத்தோடு பக்கத்தில் நின்றிருக்கிறார், அப்படியும் யன்னல் திறக்கப்போன ஆளையும் சேர்த்துத்தான் கைகளை எண்ண வேண்டியிருந்தது. பூரட்டாதி என்றே சொல்லிக்கொண்டு போனால் இது தனக்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்ததாக இருந்துவிடும். அவள் சொல்ல மாட்டாள். ஞானாம்பிகை எப்போதும்போல ஞாயிறு இரவு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்து, "எல்லாம் அந்தாளுக்குப் போச்சு" என்பாள். அதைக் குடித்துவிட்டுப் படுக்கலாம். ஆனால் அங்கே அந்த மனிதன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, அட்டமத்துச் சனியில், ஒரு பூக்கூட இல்லாமல் நிற்கிறார்.

சனிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். வாசல் தட்டில் இடமில்லாமல் குளிர்ச் சப்பாத்துகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து உருகின. இந்த முறை ஞானாம்பிகையும் தனியே ஒரு தட்டு வாங்கிக்கொண்டாள். ராசி பிரியாவிட்டாலும் போட்டிக்காவது ஒரு தட்டு வேண்டும் என்பது அவளுடைய முடிவு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"பேர்?" என்றார் ஐயர்.

"லியோபோல்ட் மொன்றோஸ்."

"நட்சத்..." என்றவர், இன்று கூட்டத்தைப் பார்த்து, வாய்ப் பழக்கத்தில் தானே "பூரட்டாதி" என்று தொடங்கிவிட்டார்.

தியாகராசா குறுக்கிட்டார்.

"இல்லை ஐயா. பூரம்."

ஐயர் கண்ணைத் திறந்தார். பிரதமருக்கு நட்சத்திரம் மாறியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பூவை இறக்காமல் அப்படியே, "பூரம், சிம்ம ராசி" என்று திருத்திக்கொண்டு தொடர்ந்தார். ஞானாம்பிகை மெல்லத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவர் முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தார், மிகவும் கவனமாக. அவள் பார்வை அவருடைய காதிலிருந்து கல்யாணக் கோட்டின் கழுத்துக்கும், அங்கிருந்து அவர் கையிலிருந்த தட்டுக்கும் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் பிடித்துக்கொண்டு நின்ற தட்டு. அவளுடைய உதடு எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல அசைந்தது, பிறகு நின்றது.

"உங்களுக்கு அம்மா? பேர்?"

"தியாகராசா" என்றாள் ஞானாம்பிகை.

"நட்சத்திரம்?"

பின்னால் ஒரு குழந்தை பிரெஞ்சில் அழுதது. ஞானாம்பிகை தட்டை நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுபோய், மறுபடி நீட்டினாள்.

"பூரட்டாதிதான்" என்றாள். "இந்த முறை கொஞ்சம் பெலமாச் சொல்லுங்கோ, ஐயா."

ஐயர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமி, வழக்கத்தைவிடப் பெரிய பிடியாகப் பூவை அள்ளினார். அள்ளிய வேகத்தில் ஓர் அலரிப் பூ சறுக்கி, தியாகராசாவின் காலடியில் விழுந்தது. இடது காலுறையில் ஒரு பொத்தல். அதற்குள்ளால் எட்டிப் பார்த்த பெருவிரலில் பூ ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர் காலை அசைக்காமல் நின்றார்.